செடியில் தெளிப்பது பூனையின் நாக்குக்கும் போகும்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். எங்கள் வீட்டு மாடியில் பதினெட்டுத் தக்காளித் தொட்டிகள், அவற்றுக்கு நடுவே தெருவிலிருந்து தூக்கி வந்த இரண்டு பூனைகள், மூன்று கால் நாய் ஒன்று என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாக் கடிதங்களிலும் ஒரே தவிப்புதான்: செடியையும் காப்பாற்ற வேண்டும், வீட்டுக்கு வந்த உயிரையும் காப்பாற்ற வேண்டும். இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

அம்மா, மூன்று வாரங்களுக்கு முன் மழைநீர் வாய்க்காலிலிருந்து ஒரு பூனைக்குட்டியை எடுத்து வந்தோம். யார் கையிலும் வராமல், பகலெல்லாம் தக்காளித் தொட்டிகளுக்கு நடுவில் ஒளிந்து கிடக்கிறது. இப்போது காய்களில் ஓட்டை விழுகிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சைப் புழு. கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். அடிக்கலாமா?

அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். முதலில் அதன் மேல் உள்ள பொடி எழுத்துகளைப் படியுங்கள். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று ‘மெத்ரின்’ என முடியும் பெயர் ஏதாவது இருந்தால், பூனை உள்ள வீட்டுக்கு அது ஆகாது. பெயரே அச்சிடாத புட்டி என்றால் இன்னும் ஆகாது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அப்படி ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். "செடிக்குத்தான் அம்மா, வேறு எதையும் ஒன்றும் செய்யாது" என்று விற்றவர் சொன்னார். மாலையில் தெளித்தேன். இலைகள் காயும் முன்னே எங்கள் பூனை சாம்பி அவற்றின் அடியில் புகுந்து போய், சுவரோரம் உட்கார்ந்து, வழக்கம்போல் முதுகை நக்கிச் சுத்தம் செய்தாள். ஒரு மணி நேரம் ஆகவில்லை, காது நுனி துடிக்கத் தொடங்கியது. பிறகு முகம், பிறகு உடம்பு முழுவதும். வாயில் நுரை. கால்நடை மருத்துவர் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு அவள் மேலிருந்த மருந்தைக் கழுவி எடுத்து, நடுக்கத்தை அடக்க ஊசி போட்டு, உடல் சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டார். இரண்டு இரவுகள் அங்கேயே இருந்தாள். பிழைத்துவிட்டாள். இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு இரவுகளை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, செடி மேல் எதையாவது ஊற்றுமுன் இதைச் சாம்பி நக்கினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டுதான் ஊற்றுகிறேன்.

நாயின் உடல் ஓரளவு தாங்குவதைப் பூனையின் உடல் தாங்காது. இந்த வகை மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்களின் உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றிலும் இதே பெர்மெத்ரின்தான் இருக்கிறது. அதைப் பூனைக்கு விட்டுவிட்டுப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். மருந்து விட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுப்பதும்கூட ஆபத்துதான்.

சரி, புழுவுக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது காய்த்துளைப்பான். அறிவியல் பெயர் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. தலையைக் காய்க்குள் நுழைத்துக்கொண்டு, பின்பாதி உடம்பை வெளியே விட்டபடி தின்னும் வழக்கம் அதற்கு. ஒரு காயை முழுதாக முடிப்பதும் இல்லை. இதைக் கொஞ்சம், அடுத்ததைக் கொஞ்சம் என்று ஒரே புழு பல காய்களைக் கெடுத்துவிடும். அதனால் ஒரு புழுவைக் கையால் எடுத்தால்கூட நீங்கள் காப்பது ஐந்தாறு காய்களை.

இருட்டிய பிறகு டார்ச்சோடு போங்கள். புழுவைத் தேடாதீர்கள், அதன் எச்சத்தைத் தேடுங்கள். கடுகளவு உருண்டைகள் துளையின் ஓரத்திலோ அதற்குக் கீழே உள்ள இலையிலோ கிடக்கும். காய்ந்து கறுத்திருந்தால் புழு இடம் மாறிவிட்டது. ஈரமாக, பச்சையாக மின்னினால் அது ஒரு சாண் தொலைவுக்குள் இருக்கிறது. காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள், இரண்டு காய்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்கைப் பாருங்கள். எடுத்து சோப்பு நீரில் போட்டுவிடுங்கள். துளை விழுந்த காயைச் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். உள்ளே இருப்பது வெளியே வந்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பும்.

தெளித்தே ஆகவேண்டும் என்றால் பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா இருக்கிறது. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது முதலில் கண்ணில் பட்டது. 1911இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் கிடைத்த அந்துப்பூச்சியிலும் இது இருந்தது, அந்தப் பகுதியின் பெயரே இதற்கு வந்தது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது, அங்கேதான் இதன் நஞ்சு வேலை செய்யும். பூனை, நாய், மனிதர் வயிற்றில் அமிலம், ஆகவே அங்கே அதற்கு வேலை இல்லை. இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றாக வேண்டும் என்பதால், காய்க்குள் போய்விட்ட புழுவை அது தொடாது. குஞ்சுப் புழுக்கள் இலையைச் சுரண்டும் பருவத்திலேயே தெளியுங்கள். வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும், மாலையில் தெளியுங்கள். வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களையும் அது கொல்லும். அதனால் தக்காளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பக்கத்துச் செடிகளுக்கு வேண்டாம்.

செண்டுமல்லியும் வைத்துப் பாருங்கள். தாய்ப்பூச்சி முட்டையிட அந்தப் பூக்களைத் தேடிப் போகும். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும், அதனால் அதை முன்கூட்டியே விதைத்துவிடுங்கள். அதில் சேரும் புழுக்களையும் நாள்தோறும் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் நீங்களே புழு வளர்த்ததாக ஆகிவிடும்.

குட்டியைப் பற்றிக் கடைசியாக. மூன்று வாரம் என்பது அதற்கு ஒன்றுமே இல்லை. அதைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். தொட்டிகளுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டிக் கொடுங்கள். சற்றுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். அது உங்களைப் பார்க்கும்போது கண்களை மெல்ல மூடி மெல்லத் திறங்கள். பூனைகள் இதற்குப் பதில் சொல்கின்றன, இப்படிச் செய்பவரை நெருங்கவும் செய்கின்றன என்று 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாம்பி முதன்முதலில் எனக்குக் கண் சிமிட்டியது நாற்பத்தோராவது நாள்.

செடியைத் தட்டினால் வெள்ளையாகப் பறக்கிறது. இலைகள் சுருண்டு மேல்நோக்கி மடிகின்றன. மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கித் தொங்கவிட்டேன், மீட்டு வந்த பூனை அதில் போய் ஒட்டிக்கொண்டது! அதோடு எங்கள் நாய் இலையை மெல்லவும் செய்கிறது. தக்காளி இலை விஷமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இலை, தண்டு, பச்சைக் காய் மூன்றிலும் டொமாட்டின் என்ற பொருள் இருக்கிறது. ஓர் இலையை மென்றுவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிறையத் தின்றால் எச்சில் வழியும், வாந்தி, பேதி வரும், சோர்ந்து படுத்துவிடும். அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள். நன்றாகப் பழுத்த பழத்தில் பயமில்லை. கீழே இருக்கும் கிளைகளை ஒரு முழ உயரத்துக்குக் கிள்ளிவிடுங்கள். நாயின் வாய்க்கும் எட்டாது, செடிக்கும் காற்றோட்டம் கிடைக்கும்.

பறப்பவை வெள்ளை ஈக்கள். அவை சாறு உறிஞ்சுவதைச் செடி தாங்கிக்கொள்ளும். அவை சுமந்து வரும் இலைச்சுருள் வைரஸைத்தான் தாங்காது. அதற்கு மருந்தே கிடையாது. நுனி சுருங்கி, மஞ்சளாகி, வளர்ச்சி நின்ற செடியின் மேல் ஒரு பையைக் கவிழ்த்து, ஈக்கள் பறக்காமல் அப்படியே வேரோடு எடுத்துவிடுங்கள். மனம் வராது, தெரியும். அதை வைத்திருந்தால் பக்கத்துச் செடியும் போய்விடும். மற்றவற்றுக்கு, காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வாரம் ஒருமுறை மாலையில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி திரவ சோப்பும் கலந்து தெளிக்கலாம். வேப்ப எண்ணெய் என்றால் எதற்கும் தீங்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பூனைக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. இலை முழுதும் காயும்வரை மாடிக் கதவு சாத்தியிருக்கட்டும்.

ஒட்டு அட்டையைக் கம்பிவலைக் கூட்டுக்குள் வைத்துத் தொங்கவிடுங்கள். பல்லியும் சிறு பறவையும்கூடத் தப்பும். பூனையின் ரோமத்தில் பசை இன்னும் இருந்தால் இழுக்காதீர்கள், மண்ணெண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். சமையல் எண்ணெயை விரலால் தடவித் தடவிக் கரைத்து, பிறகு இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தக்காளிச் செடியில் கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, முள் முள்ளாகப் பூச்சிகள் இருந்தன. முதலையைப் போல் நீளமாக இருந்தன. எல்லாவற்றையும் நசுக்கிவிட்டேன். சரிதானே அத்தை?

மகளே, நீ நசுக்கியவை பெரும்பாலும் பொறிவண்டின் குஞ்சுகளாக இருக்கும். சிவப்பு உடம்பில் கறுப்புப் புள்ளியோடு அழகாக இருக்குமே, அதே பொறிவண்டுதான். குஞ்சுப் பருவத்தில் தாயின் சாயலே இருக்காது. பெரியவர்களே தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள், அதனால் வருந்தாதே. இலைக்கு அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் அசுவினிதான் அவற்றின் சாப்பாடு. இன்னும் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார். ஓர் அசுவினியை அது எப்படிப் பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு தெருநாயைத் தத்தெடுத்தோம். செடிகளுக்கு எலும்புத் தூளும் ஆமணக்குப் பிண்ணாக்கும் போட்ட மறுநாள் எல்லாத் தொட்டிகளையும் தோண்டிவிட்டது. எப்படி நிறுத்துவது?

தோண்டுவதை விடுங்கள். அது பிண்ணாக்கைத் தின்றதா? ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. எண்ணெயில் அது இறங்காது, சக்கையில் தங்கிவிடும். முறையாகச் சூடாக்கி நஞ்சை நீக்காத பிண்ணாக்கைத் தின்ற நாய்கள் இறந்திருக்கின்றன. வாந்தியும் ரத்தப்பேதியும் உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தொடங்கலாம். ஆகவே நாய் தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், பிண்ணாக்குப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நாய் உள்ள வீட்டில் ஆமணக்குப் பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். எலும்புத் தூள் விஷமில்லை, ஆனால் அதன் வாசனைதான் தோண்ட அழைக்கிறது. நிறையத் தின்றால் வயிற்றுக்குள் கட்டியாக இறுகி அடைத்துக்கொள்ளும். நன்கு மக்கிய இலை உரம் போதும்.

தோண்டுவதை நிறுத்தப் பார்க்காதீர்கள், இடம் மாற்றிக் கொடுங்கள். தெருவில் வெயிலுக்குக் குளிர்ந்த மண் தேடித் தோண்டிப் படுத்த நாய் அது. அகலமான ஒரு தொட்டியில் மணல் நிரப்பி, அதன் பந்தையோ பிஸ்கட்டையோ பாதி தெரியும்படி புதைத்து, நீங்களே முதலில் கையால் தோண்டிக் காட்டுங்கள். எங்கள் மூன்று கால் நாய் மணி ஒற்றை முன்காலால் தோண்டுவான். தோண்டும்போது தாடையை மணலில் ஊன்றிக்கொள்வான். மணல் தொட்டி வந்த பிறகு தக்காளிப் பக்கம் அவன் திரும்புவதே இல்லை.

நத்தைகள் நாற்றுகளை ஒரே இரவில் மொட்டையடிக்கின்றன. நீலக் குருணை மருந்து போடலாமா?

மெட்டால்டிஹைட் உள்ள குருணை என்றால் கூடாது. நத்தையை இழுக்கத் தானியம் சேர்த்துச் செய்வதால் நாய்க்கும் அது தீனியாகத்தான் தெரியும். தின்ற சிறிது நேரத்தில் நடுக்கம், வலிப்பு வந்துவிடும். பிரிட்டனில் 2022இலிருந்து தோட்டங்களில் அதற்குத் தடையே இருக்கிறது. ஈரச் சாக்கை இரவில் தொட்டியோரம் விரித்து வையுங்கள். விடியற்காலையில் புரட்டினால் அடியில் கூடியிருக்கும், பொறுக்கிவிடலாம்.

காயின் அடிப்பாகம் மட்டும் கறுத்துத் தோல்போல் அமுங்குகிறது. என்ன பூச்சி?

பூச்சி இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தும், ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாக ஊற்றினால் இப்படி ஆகும். தண்ணீரை அளவாக, தவறாமல் விடுங்கள். எந்த மருந்தும் வேண்டாம்.

என் மருமகள் கருவுற்றிருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக வளர்க்கும் பூனை தக்காளித் தொட்டிகளில் மலம் கழிக்கிறது. கருவுக்கு ஆபத்து, பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று உறவினர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மருமகள் அழுகிறாள். நான் என்ன செய்வது அக்கா?

பூனையை எங்கும் விட வேண்டியதில்லை. இதை உங்கள் உறவினர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அவர்கள் பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி தரும் நோய்க்கு. பயம் பொய்யில்லை, கருவைப் பாதிக்கக்கூடியதுதான். ஆனால் பூனையைத் தொடுவதாலோ மடியில் வைத்துக்கொள்வதாலோ வருவதில்லை. முதன்முதலாக அந்தக் கிருமி தொற்றும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை பூனையின் மலத்தில் அது வெளியேறும். பெரும்பாலான பூனைகளுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படி நடக்கிறது. வெளியே வந்த கிருமியும் உடனே தொற்றாது, அதற்குக் குறைந்தது ஒரு நாள், சில வேளை ஐந்து நாள் ஆகும். ஆகவே மலத்தை நாள்தோறும் அள்ளிவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி போய்விடும். அதை மருமகள் செய்யக் கூடாது, மகன் செய்யட்டும். சரியாக வேகாத இறைச்சியும் மண் ஒட்டிய காய்கறியும்கூட இந்த நோயைக் கொண்டுவரும், உறவினர்கள் அதையும் சேர்த்துப் பயப்படட்டும்.

உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது தொட்டி மண்ணைத்தான். மண்ணில் கிருமி ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும். குழந்தை பிறக்கும்வரை மருமகள் அந்தத் தொட்டிகளில் கை வைக்க வேண்டாம். வைத்தே ஆகவேண்டும் என்றால் கையுறை, பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுதல். பழங்களை நன்றாகக் கழுவியே உண்ண வேண்டும். பூனைக்குத் தனியாக மணல் தட்டு வையுங்கள், தொட்டியைவிட அகலமாகவும் அமைதியான மூலையிலும். தொட்டி மண்ணின் மேல் கோழிவலையை வெட்டிப் பரப்பினால் பூனைக்குத் தோண்ட இடம் கிடைக்காது. பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். மருமகளின் மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இந்த மாதங்களில் புதிதாக இன்னொரு தெருப்பூனைக்குட்டியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

அழுகிற பெண்ணுக்காக ஒரு மாமியார் பேனாவை எடுத்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு வரப்போகும் குழந்தை கொடுத்து வைத்தது.

தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயைக் குணப்படுத்தி வைத்திருக்கிறோம். நேற்றுத் துள்ளி விளையாடியதில், பூவும் பிஞ்சுமாக இருந்த தக்காளிச் செடியை முறித்துவிட்டது. மாலையில் வீடு திரும்பிய கணவர் அதட்டியபோது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. "பார், தப்பென்று அதற்கே தெரிகிறது" என்கிறார். கட்டிப் போடச் சொல்கிறார்.

நாய்க்கு அது தெரியவில்லை. அவர் குரல் உயர்ந்தது மட்டும்தான் தெரிந்தது. 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தீனியை நாய் தின்றிருந்தாலும் சரி, தின்னாமல் இருந்தாலும் சரி, உரிமையாளர் திட்டினால் அந்தக் ‘குற்றப் பார்வை’ வந்தது. தொடாத நாய்க்கும் வந்தது. அடிபட்டு வந்த உயிருக்கு உயர்ந்த குரல் எதையெல்லாம் நினைவூட்டும் என்று உங்கள் கணவரை ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்லுங்கள். கட்டிப் போட வேண்டாம். தொட்டிகளைச் சுவரோரமாகச் சேர்த்து, முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பிவலை நிறுத்தினால் போதும்.

செடியும் போய்விடவில்லை. தண்டு பாதி ஒட்டிக்கொண்டிருந்தால், முறிந்த இடத்தைச் சேர்த்து வைத்து, பக்கத்தில் ஒரு குச்சியை அணைத்துத் துணிநாடாவால் சுற்றிக் கட்டுங்கள். முழுதாக முறிந்திருந்தால் அந்தக் கிளையைக் கையில் எடுத்துத் தண்டை உற்றுப் பாருங்கள். சில இடங்களில் தோலுக்கு அடியில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். அவை மண் பட்டால் வேராகும். பூவையும் பிஞ்சையும் கீழ் இலைகளையும் கிள்ளிவிட்டு, பாதித் தண்டு புதையும்படி ஈர மண்ணில் நட்டு, நிழலில் வையுங்கள். முதல் இரண்டு நாள் துவண்டு கிடக்கும், பயந்து பிடுங்கிவிடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் நுனி நிமிரும். அடித்தண்டிலும் இலைக் கணுவிலிருந்து புதுக் கிளை வெடிக்கும். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு செடிகள் இருக்கும். அப்போது உங்கள் கணவரையும் நாயையும் ஒன்றாக மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.